நின்றவர் கண்டதும் நின்றவர் காணாததும்

“அவரு களத்துல நிண்ட மனிசன், சேர். நீங்க பொத்தகத்தப் படிச்சிப்போட்டுக் கதைக்கிறீங்க.”

கல்முனையில் மஃரிபுக்குப் பிறகு நாங்கள் சிலர் கூடியிருந்து நூல்களைப் பற்றிப் பேசுவது வழக்கம். அன்று பேச்சுக்கு வந்தது மேஜர் ஜெனரல் கமால் குணரத்ன 2016-இல் வெளியிட்ட ‘றோட் டு நந்திக்கடல்’. இறுதிப் போரில் 53ஆவது படைப்பிரிவை நடத்தியவர் அவர். வன்னிக் களத்தில் ஒரு படைப்பிரிவு எப்படி நகர்ந்தது என்று அறிய அந்த நூல் வேண்டும், ஆனால் இலங்கைப் போரின் வரலாறு இதுதான் என்று ஒரு மாணவனின் கையில் அதைக் கொடுக்க முடியாது என்றேன். அதற்குக் கிடைத்த பதில்தான் மேலே இருப்பது. சொன்னவர் என்னிடம் படித்தவர், இப்போது தானும் ஆசிரியர். கோபத்தில் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை நான் மறந்துவிட்டேன் என்பது போல நினைவூட்டினார். மற்றவர்களும் தலையசைத்தார்கள்.

அந்தத் தலையசைப்புக்குத்தான் இந்த மறுப்பு.

போரைப் பற்றி எழுதும் தகுதி போரில் நின்றவனுக்கே உண்டு என்ற எண்ணம் நம்மிடையே வேரோடிக் கிடக்கிறது. புத்தகத்தின் பின்னட்டையில் ‘களத்தில் நின்றவரின் நேரடி வாக்குமூலம்’ என்று போட்டால் பிரதிகள் விற்றுத் தீர்கின்றன. வெளியீட்டு விழா மேடையில் பேசுகிறவர் நூலில் என்ன இருக்கிறது என்று சொல்வதில்லை. ஆசிரியர் எந்த முகாமில் எத்தனை ஆண்டு இருந்தார் என்று சொல்லிவிட்டு அமர்கிறார். மறுகேள்வி கேட்கிறவனிடம் ‘நீ அங்கே இருந்தாயா’ என்ற ஒரே கேள்வி திரும்பி வருகிறது. அதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. படைத்தளபதியின் நூலுக்கும் இது காவல், இயக்கத்தில் இருந்தவரின் நூலுக்கும் இதுவே காவல். எதிரெதிராக நின்று சுட்டவர்கள், தங்கள் நூல்களுக்கு ஒரே கவசத்தை அணிந்துகொள்கிறார்கள்.

முதலில் அவர்கள் பக்கத்தின் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். களத்தில் நின்றவருக்கு மட்டுமே தெரிந்தவை உண்டு. பதுங்குகுழிக்குள் தண்ணீர் ஏறினால் என்ன செய்வார்கள், கட்டளை மேலிருந்து கீழே வரும்போது எப்படி மாறிப்போகும், எறிகணை வரும் சத்தத்தில் எது தொலைவில் விழும், எது தலையில் விழும் என்று எந்தப் பேராசிரியராலும் எழுத முடியாது. கொழும்பிலும் லண்டனிலும் இருந்து எழுதியவர்களில் பலருக்கு எங்கள் ஊர்களின் இடக்கிடப்பே தெரியாது. சம்மாந்துறை கடற்கரையில் இல்லை என்பதும், மருதமுனையும் சாய்ந்தமருதும் கல்முனையின் இரு பக்கங்களில் இருக்கின்றன என்பதும் தெரியாமல் எழுதப்பட்ட பக்கங்களை வாசித்து நானும் நொந்திருக்கிறேன். மொழியைப் பார்த்து முஸ்லிம்களான எங்களைத் தமிழர் கணக்கில் சேர்த்துவிட்டு, பிறகு ஓர் அடிக்குறிப்பில் பிரித்து எடுத்தவர்களும் உண்டு.

ஆகவே சாட்சியங்களை நான் குறைத்து மதிக்கவில்லை. சி. புஷ்பராஜா 2003-இல் வெளியிட்ட நூலுக்கு ‘ஈழப் போராட்டத்தில் எனது சாட்சியம்’ என்று பெயர் வைத்தார். கணேசன் ஐயர் தன் நூலுக்கு ‘ஈழப் போராட்டத்தில் எனது பதிவுகள்’ என்று பெயர் வைத்தார். இரண்டு தலைப்புகளிலும் ‘எனது’ என்ற சொல் இருக்கிறது. நான் கண்டதைச் சொல்கிறேன், எனக்கு வாய்த்த இடத்திலிருந்து சொல்கிறேன் என்று எழுதியவர்களே வாசலில் எழுதி வைத்துவிட்டார்கள். எழுபதுகளின் வடபகுதி இளைஞர் அரசியலை அறிய அவை இல்லாமல் முடியாது. பிழை அவர்களிடம் இல்லை. ‘எனது’ என்ற சொல்லைத் தாண்டிக் குதித்து, இதுதான் வரலாறு என்று சாதிக்கும் வாசகரிடம் இருக்கிறது.

எங்கள் கரையில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்ல வருவது எளிதில் விளங்கும். தோணி வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வந்த பிறகு, இரண்டு பக்கக் கயிற்றையும் இரண்டு கூட்டம் இழுக்கும். இரண்டு கூட்டத்துக்கும் இடையே நூற்றுக்கணக்கான அடி தூரம். வடக்குக் கயிற்றில் நிற்பவனின் உள்ளங்கை அறிந்தது வடக்குக் கயிற்றின் பாரத்தை மட்டுந்தான். தெற்கே நீரோட்டம் வலையைத் திருப்புவதும், நடுவே மடியில் மீன் இருக்கிறதா பாசி இருக்கிறதா என்பதும் அவனுக்குத் தெரியாது. கரையில் நிற்கும் கிழவருக்குச் சில வேளை அவனைவிட அதிகம் தெரியும். கயிற்றைப் பிடித்தவன் பொய் சொல்லவில்லை, கை காய்த்து இரத்தம் கசிய இழுத்தவன் அவன். ஆனால் வலை முழுவதையும் அவனிடம் கேட்டால் அவன் கயிற்றைத்தான் சொல்வான்.

இதைப் போர் நடத்தியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். 1815-இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் வெலிங்டன் பிரபு. அந்தப் போரின் வரலாற்றை எழுத விரும்பிய ஒருவருக்கு அதே ஆண்டில் அவர் எழுதிய கடிதத்தில் போரை ஒரு நடன விருந்துக்கு ஒப்பிட்டார். விருந்துக்குப் போனவர்களுக்குச் சின்னச் சின்ன நிகழ்ச்சிகள் நினைவிருக்கும், ஆனால் எது எந்த நேரத்தில், எந்த வரிசையில் நடந்தது என்று எவராலும் சொல்ல முடியாது என்பது அவர் கருத்து. வென்ற தளபதியே தன் களத்தைப் பற்றி இப்படித் தயங்கினார். தளபதியின் பெயரைச் சொல்லி மற்றவரை வாய் மூடச் சொல்லும் துணிவு நமக்கு எங்கிருந்து வந்தது?

நம் தீவிலேயே இதற்குத் தெளிவான உதாரணம் இருக்கிறது. 1987 ஜூலை 29-இல் ஒப்பந்தம் கைச்சாத்தாகி இந்திய அமைதி காக்கும் படை வந்தது. 1990 மார்ச்சில் போனது. அதை நடத்தியவர்கள் பலர் நூல் எழுதினார்கள். படையின் ஒட்டுமொத்தத் தளபதியாக இருந்த லெப்டினன்ட் ஜெனரல் தெபிந்தர் சிங் எழுதினார். கொழும்பில் இந்தியத் தூதராக இருந்த ஜே. என். தீட்சித் 1998-இல் ‘அசைன்மென்ட் கொழும்பு’ எழுதினார். 54ஆவது காலாட்படைப் பிரிவை நடத்திய மேஜர் ஜெனரல் ஹர்கிரத் சிங் 2007-இல் எழுதினார். மூவரும் அங்கே இருந்தவர்கள், முடிவுகளை எடுத்தவர்கள். நின்றவர் சொல் பிழைக்காது என்றால் மூவர் சொல்லும் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். அப்படி இருக்கவில்லை. 1987 செப்டெம்பரில் பேச்சுக்கு வரும் புலிகளின் தலைவர் பிரபாகரனைக் கைது செய்யும்படி அல்லது சுட்டுவிடும்படி தீட்சித் தன்னிடம் சொன்னதாகவும் தான் மறுத்துவிட்டதாகவும் ஹர்கிரத் சிங் எழுதினார். தீட்சித் 2005 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். பதில் சொல்ல வேண்டியவர் கபுறுக்கோ சுடலைக்கோ போன பிறகு வெளிவரும் குற்றச்சாட்டை எப்படி நிறுப்பது? ஹர்கிரத் சிங் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. அவர் அங்கே இருந்தார் என்பது இந்தக் கேள்வியைத் தீர்த்துவைக்கவில்லை என்கிறேன். அதைத் தீர்க்க வேறு ஆவணமும் வேறு சாட்சியும் வேண்டும். அவற்றைத் தேடுவதற்குத்தான் வரலாறு என்று பெயர்.

அதே படையின் கதையில் இன்னோர் இரவு இருக்கிறது. 1987 ஒக்டோபர் 11 இரவு, விடிந்தால் 12. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தில் புலிகளின் தலைமையைப் பிடிக்க ஹெலிகொப்டரில் படையினரை இறக்கினார்கள். 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையின் 30 பேர் கொண்ட அணி ஒன்று துண்டிக்கப்பட்டது. 29 பேர் இறந்தார்கள், ஒருவர் பிடிபட்டார். அந்த இரவைப் பற்றித் தளபதிகள் எழுதிய பக்கங்கள் நிறைய உண்டு. அந்த மைதானத்தில் உண்மையிலேயே நின்ற 29 பேர் ஒரு வரியும் எழுதவில்லை. களத்தில் நின்றவர் என்று நாம் யாரைச் சொல்கிறோம் என்ற கேள்வி இங்கேதான் என்னைச் சுடுகிறது.

அந்தச் சூட்டை எங்கள் ஊர் நன்றாக அறியும். 1990 ஜூன் 11 அன்று கிழக்கில் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சூழ்ந்தார்கள், கல்முனை நிலையத்தையும்தான். சரணடையும்படி கொழும்பிலிருந்து உத்தரவு வந்தது. சரணடைந்தவர்களில் சிங்களவரும் முஸ்லிம்களும் பிரித்தெடுக்கப்பட்டு, கொண்டுபோய்க் கொல்லப்பட்டார்கள். 600-க்கு மேற்பட்டவர்கள் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. அவர்கள்தான் அந்தச் சம்பவத்தின் களத்தில் நின்றவர்கள். நின்ற இடத்திலேயே முடிந்துபோனார்கள். பிறகு இராணுவம் கல்முனைக்குள் வந்தது. தமிழ் மக்கள் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களும் நின்றவர்கள்தான். ஓகஸ்ட் 3 இரவு காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். தொழுகையில் ஸப்பில் நின்றவனைவிட அந்தக் களத்தில் நின்றவன் யார்?

நின்றவனே எழுத வேண்டும் என்ற விதியை வைத்தால், எழுதும் உரிமை உயிர் மிஞ்சியவனுக்குப் போகிறது. போரில் உயிர் மிஞ்சும் வாய்ப்பு துவக்கு வைத்திருந்தவனுக்கு அதிகம். நூல் எழுத ஓய்வும் ஓய்வூதியமும் பதிப்பாளரும் கிடைக்கும் வாய்ப்பு பதவியில் இருந்தவனுக்கு இன்னும் அதிகம். அனுபவத்துக்கு மரியாதை என்று நாம் நினைத்துக்கொண்டு கொடுப்பது, சுட்டவனின் கையில் பேனாவையும் சேர்த்துக் கொடுப்பதாக முடிகிறது. என் மாணவரிடம் அன்று நான் சொல்ல நினைத்துத் தொண்டையில் நின்றுபோனது இதுதான்.

இந்தக் கரையின் ஒரு நூலகத்தில் இரவல் எடுத்த போர் நூல் ஒன்றில், 1990 ஜூன் பற்றி ஒன்றரை வரி இருந்தது. பொலிஸார் ‘அகற்றப்பட்டனர்’ என்று எழுதியிருந்தார்கள். ஓரத்தில் பென்சிலால், நடுங்கிய கையெழுத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: ‘எங்கட வாப்பாவும் இதுக்குள்ள’. அதன் கீழே வேறு ஒரு கையால் கோடிட்டு ‘பொய்’ என்று இருந்தது. அதற்கும் கீழே முதற் கையெழுத்தே திரும்பி வந்து, ஒரு தேதியை மட்டும் எழுதிவிட்டுப் போயிருந்தது. அந்தப் பக்கத்தை நான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை வரி எழுதியவர் களத்தில் நின்றவர். ஓரத்தில் எழுதியவர் அன்று பெரும்பாலும் சிறுபிள்ளையாக வீட்டில் இருந்திருப்பார்.

அப்படியானால் அங்கே இல்லாதவன் எப்படி எழுதுவது என்று கேட்பார்கள். முஸ்லிம் சமூகத்தில் பிறந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பது எனக்கு வியப்பாக இருக்கிறது. குர்ஆனுக்கு அடுத்து நாம் அதிகம் நம்பும் நூல் எது? இமாம் புகாரி தொகுத்தது. நபி (ஸல்) அவர்கள் 632-இல் வபாத்தானார்கள். இமாம் புகாரி பிறந்தது 810-இல், மதீனாவிலிருந்து வெகு தொலைவில், புகாராவில். அவர் எதையும் நேரில் கண்டவர் அல்லர். பிறகு ஏன் நம்புகிறோம்? யார் யாரிடம் கேட்டார், அவர் இவரைச் சந்தித்திருக்க முடியுமா, சொன்னவர் நேர்மையானவரா, நேர்மையானவரேயானாலும் நினைவு உறுதியானவரா, அவர் சொன்னது வேறு உறுதியான செய்தியோடு மோதுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்ததால் நம்புகிறோம். அறிவிப்பாளரின் நேர்மை ஒன்று, நினைவின் உறுதி இன்னொன்று என்று நம் அறிஞர்கள் அன்றே பிரித்தார்கள். ஸஹாபாக்கள் நேரில் இருந்தவர்கள், நேர்மையில் குறை சொல்லப்படாதவர்கள். ஆனாலும் அவர்கள் சிலர் அறிவித்தவற்றை ஆயிஷா (ரழி) அவர்கள் திருத்தியிருக்கிறார்கள். மத்ரஸாவில் ஓதும் பிள்ளைக்குத் தெரிந்த இந்த முறையை, ஒரு தளபதியின் நூலைக் கையில் எடுத்ததும் ஏன் கழற்றி வைக்கிறோம்?

இப்னு கல்தூன் 1377-இல் ‘முகத்திமா’வை எழுதியபோது இதே நோயைத்தான் முதலில் கையில் எடுத்தார். மூஸா (அலை) அவர்களின் படையில் 6 இலட்சம் பேர் இருந்தார்கள் என்று மஸ்ஊதி முதலான வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருந்தார்கள். அங்கே இல்லாத இப்னு கல்தூன் அதை மறுத்தார். அத்தனை பேரை வைத்துக் காக்க அன்றைய நாடுகளின் பரப்புக் காணுமா? அவ்வளவு நீண்ட அணிவகுப்பில் ஒரு முனையில் நடப்பது மறுமுனைக்கு எப்படித் தெரியும்? யஃகூப் (அலை) அவர்களிலிருந்து மூஸா (அலை) வரையுள்ள சில தலைமுறைக்குள் ஒரு குடும்பம் இவ்வளவு பெருக முடியுமா? போர் நூலில் வரும் எண்ணை எப்படிச் சோதிப்பது என்பதற்கு இன்றும் இதைவிட நல்ல பாடம் இல்லை. அதே இப்னு கல்தூன் 1401-இல் முற்றுகையிடப்பட்ட டமஸ்கஸின் மதிலிலிருந்து கயிற்றில் இறங்கித் தைமூரைச் சந்தித்தவர். தான் நேரில் கண்டதை எழுதும்போது கண்டவராக எழுதினார், காணாததை எழுதும்போது சோதித்து எழுதினார். இரண்டும் ஒரே மனிதரால் முடியும்.

நம் காலத்தில் ஜோன் கீகன் என்ற ஆங்கிலேயர் சான்ட்ஹேர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்தார். சிறுவயதில் வந்த காசநோயால் கால் ஊனமுற்றவர், படையில் சேர முடியாதவர். 1976-இல் வெளியான அவருடைய ‘த ஃபேஸ் ஒஃப் பெட்டில்’ நூலைத் தான் எந்தப் போரிலும் இருந்ததில்லை என்ற ஒப்புதலோடுதான் தொடங்குகிறார். பிறகு 1415, 1815, 1916 ஆகிய ஆண்டுகளின் மூன்று போர்களில் சாதாரணச் சிப்பாய்க்கு என்ன நேர்ந்தது என்று தேடுகிறார். தளபதியின் வரைபடத்தில் ஓர் அம்புக்குறியாக இருந்ததை மனிதர்களின் நெரிசலாகவும் தாகமாகவும் பயமாகவும் காட்டினார். தளபதிகளின் நூல்கள் செய்யாத வேலையை, போருக்குப் போகாத ஒருவர் செய்தார்.

எங்கள் கரைக்கு இன்னும் அருகே வருகிறேன். 1990, 1991 ஆண்டுகளில் அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களில் நடந்தவற்றை அக்கறையோடு எழுதிவைத்தவர்கள் யார்? மனித உரிமைகளுக்கான யாழ் பல்கலைக்கழக ஆசிரியர்கள் அமைப்பு. ராஜன் ஹூல், சிறிதரன் ஆகியோர் கணிதம் கற்பித்தவர்கள். அவர்களோடு ‘முறிந்த பனை’யை எழுதிய ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலைகள் நடந்த வேளையில் அவர்கள் கல்முனையில் நிற்கவில்லை. ஊர் ஊராகப் பேச்சுக் கேட்டு, ஒருவர் சொன்னதை இன்னொருவர் சொன்னதோடு ஒப்பிட்டு, இராணுவம் கொன்ற தமிழர்களையும் புலிகள் கொன்ற முஸ்லிம்களையும் ஊர்காவல் படையினர் கொன்ற தமிழர்களையும் ஒரே தாளில் எழுதினார்கள். அவற்றுக்கும் குறைகள் உண்டு. சொன்னவரின் உயிருக்காகப் பெயரை மறைத்ததால் பின்னால் வருபவர் சரிபார்ப்பது கடினம். ஆங்கிலத்தில் எழுதப்பட்டதால் எங்கள் உம்மாமாருக்கு அவை போய்ச் சேரவேயில்லை. ஆனாலும் எங்கள் மையித்துகள் மனிதர்களாக எண்ணப்பட்ட முதற் பக்கங்களில் அவை இருக்கின்றன. அவற்றை எழுதியவர்கள் எங்கள் ஊரவரும் அல்லர், எங்கள் மார்க்கத்தவரும் அல்லர்.

இங்கே என் சொந்தச் சனத்தோடும் ஒரு வழக்கு இருக்கிறது. தளபதியும் வேண்டாம், இயக்கத்தவரும் வேண்டாம், எங்கள் வரலாற்றை நாங்களே எழுதினால் சரியாகிவிடும் என்று நம்மவர் சொல்கிறார்கள். நாம் எழுத வேண்டும் என்பது சரி. எழுதியதாலேயே அது சரியாகிவிடும் என்பது, நான் மறுக்கும் அதே கருத்து தொப்பி மாற்றிக்கொண்டு வருவது.

நம் மேடைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். 1626-இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள், கண்டி அரசன் செனரத் அவர்களுக்குப் புகலிடம் தந்து 4,000 பேரை மட்டக்களப்பில் அமர்த்தினான் என்பது. இதைச் சொல்லாத கிழக்கிலங்கை முஸ்லிம் வரலாற்றுக் கூட்டம் இல்லை. இதன் மூலம் எது? பெர்னாவோ தெ குவைரோஸ் என்ற ஜெசுயிட் பாதிரியார் 1687-இல் முடித்த பெரிய நூல். அவர் கோவாவில் இருந்து எழுதினார். சம்பவம் நடந்து 60 ஆண்டு கழிந்திருந்தது. ‘மூர்’களை அவர் வெறுத்தவர். நின்றவர் மட்டுமே பேசலாம் என்ற விதிப்படி பார்த்தால் நம் கரையின் மிகப் பெருமையான வரியை நாமே கிழித்துப்போட வேண்டும். 1640 முதல் 1658 வரை இந்தத் தீவில் படைவீரராக இருந்து 1685-இல் நூல் எழுதிய ஜொவாவோ ரிபேரோகூட 1626-க்குப் பிறகு வந்தவர்தான்.

நான் அந்த வரியைக் கிழிக்கமாட்டேன். நிறுத்துப் பார்ப்பேன். முஸ்லிம்களைப் புகழ எந்தக் காரணமும் இல்லாத ஒருவர் அவர்களுக்குப் புகலிடம் கிடைத்தது என்று எழுதுகிறார். தன் விருப்பத்துக்கு எதிராக ஒருவர் ஒப்புக்கொள்வதற்குக் கனம் அதிகம். வெளியேற்றமும் புகலிடமும் நடந்தன என்று அதைக் கொண்டு நம்பலாம். 4,000 என்பது முழு எண், எவரோ தலை எண்ணியதன் அடையாளம் அதில் இல்லை. அந்த எண்ணின் மேல் வீடு கட்டக் கூடாது. அதைக் காட்டி, 1626-க்கு முன் கிழக்கில் முஸ்லிம்களே இல்லை என்று நிறுவ முயல்கிறவர்களுக்கும் அதில் இடமில்லை. வந்தவரைச் சொல்லும் வரி முன்பே இருந்தவரை மறுக்காது. ஒரே வரிக்குள் ஒரு பலம், ஒரு பலவீனம், ஒரு மௌனம் மூன்றும் இருக்கின்றன. நூலை மதிப்பிடுவது என்றால் இந்த மூன்றையும் பிரித்துச் சொல்வதுதான்.

அதே தராசை நம் வீட்டுக் கூடத்திலும் தூக்க வேண்டும். 1990-ஐப் பற்றி நம்மவர் எழுதிய சிறு நூல்களில் காத்தான்குடி இருக்கும், ஓகஸ்ட் 11 இரவின் ஏறாவூர் இருக்கும், ஒக்டோபர் 30-இல் இரண்டு மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர்கள் இருப்பார்கள். இருக்கத்தான் வேண்டும். ஆனால் ஓகஸ்ட் 12-இல், சம்மாந்துறைக்குப் பக்கத்தில், வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதும், அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்கும் பங்கிருந்ததும் அந்தப் பக்கங்களில் எங்கே? கல்முனையிலிருந்து சைக்கிளில் போய்வரக்கூடிய தூரம். செப்டெம்பர் 9-இல் சத்துருக்கொண்டானில் 184 பேர் கொல்லப்பட்டது எங்கே? நம் சாவுகளை விட்டுவிட்டுத் தளபதி எழுதிய நூலைக் குறை சொன்ன அதே நாவால் இதையும் கேட்காவிட்டால் நம் கேள்விக்கு மதிப்பில்லை.

போர் நூலைக் கையில் எடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது வினைச்சொற்களை. தமிழில் சாவுக்கு எத்தனை சொல்! ஒரு தரப்பார் ‘வீரச்சாவு அடைகிறார்கள்’, எதிர்த் தரப்பார் ‘பலியாகிறார்கள்’, நடுவில் அகப்பட்டவர்கள் ‘உயிரிழக்கிறார்கள்’, தாங்களாகவே உயிரைத் தொலைத்துவிட்டவர்கள் போல. நம் நூல்களில் நம்மவர் ‘ஷஹீதாகிறார்கள்’, மற்றவருக்கு நடந்தது ‘அசம்பாவிதம்’. 2002 ஏப்ரலில் புலிகளின் கிளிநொச்சி ஊடகச் சந்திப்பில் ராஜீவ் காந்தி கொலையைப் பற்றிக் கேட்டபோது வந்த ‘துன்பியல் சம்பவம்’ என்ற தொடர் இன்றும் நினைவில் நிற்கிறது. அதில் கொன்றவனும் இல்லை, கொல்லப்பட்டவனும் இல்லை. ‘கொன்றார்கள்’ என்று எழுத வேண்டிய இடத்தில் யார் கொன்றார்கள் என்பதை இலக்கணமே விழுங்கிவிட்டால், அந்த நூல் எந்த இடத்திலிருந்து எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும்.

அடுத்து எண்கள். காத்தான்குடியில் கொல்லப்பட்டவர்கள் 103 என்றும் 147 என்றும் அச்சில் உலவுகின்றன. ஓர் எண்ணை மட்டும் தூக்கி வைத்துவிட்டுப் போகும் ஆசிரியரைவிட, இரண்டு எண்கள் உண்டு, நான் இதை இந்தப் பட்டியலிலிருந்து எடுத்தேன் என்று சொல்பவரை நான் அதிகம் நம்புகிறேன். அதன்பிறகு, எழுதியவர் எதை நேரில் கண்டார், எதைக் கேள்விப்பட்டார் என்று நூலுக்குள்ளேயே பிரிக்கிறாரா என்று பார்ப்பேன். தன் பிழையாக ஏதாவது ஒன்றை ஒப்புக்கொள்கிறாரா என்று பார்ப்பேன். கடைசியில் நூலின் பெயரடைவைத் திருப்பி, கல்முனை, ஏறாவூர், வீரமுனை, மூதூர் எத்தனை பக்கங்களில் வருகின்றன என்று எண்ணுவேன். நூலின் பொருள் வன்னிக் களம் என்றால் இல்லாதது குற்றமில்லை. முழுப் போரின் வரலாறு என்று அட்டையில் போட்டுவிட்டு உள்ளே இல்லாவிட்டால் அட்டை பொய் சொல்கிறது. இத்தனையும் கேட்ட பிறகும் ஒரு தளபதியின் நூல் நிற்கலாம். நின்றால் அதை மனமார மதிப்பேன். அது நிற்பதற்குக் காரணம் கேள்விக்குத் தாங்கியதாக இருக்கும், தோளில் இருந்த நட்சத்திரங்களாக இருக்காது.

இதை அவசரமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1990-இல் 20 வயதில் இருந்தவர் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார். அன்று நாற்பதில் இருந்தவர்களின் ஜனாஸாக்களுக்கு நாம் போய்வந்துகொண்டிருக்கிறோம். கரையோர வீடுகளின் அலுமாரிகளில் இருந்த கடிதங்களையும் புகைப்படங்களையும் 2004 டிசம்பர் 26 கடல் கொண்டுபோய்விட்டது. இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அன்று நம் அம்பாறைதான். எஞ்சியிருப்பது மனிதர்களின் நினைவுதான். தளபதியின் நூல் வந்துவிட்டது, இனி என்ன என்று நாம் இருந்துவிட்டால் அந்த நினைவும் போய்விடும்.

சில காலத்துக்கு முன் வயதான ஒரு மீனவரிடம் 1990 ஜூனைப் பற்றிக் கேட்டேன். எழுத்து வாசனை அதிகம் இல்லாதவர். வலையைத் தைத்துக்கொண்டே பேசினார். “வெடிச்சத்தம் கேட்டன், தம்பி. வாகனம் போனதக் கண்டன். உள்ளுக்கு ஆரெண்டு காணல்ல. பொறகு ஊர்ல கதைச்சாங்க, அது நான் கேள்விப்பட்டது. அத நான் கண்டண்டு எழுதிப்போடாதீங்க.”

நான் எழுதுகோலை எடுத்து, தாளின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் ‘கண்டது’, வலப்பக்கம் ‘கேட்டது’. அவர் சொன்னதை இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதி, வாசித்துக் காட்டினேன். ஓரிடத்தில் கையை நீட்டி, ஒரு வரியை வலப்பக்கத்துக்கு மாற்றச் சொன்னார். மாற்றினேன். அந்தத் தாளை என் மாணவருக்கு அடுத்த கூட்டத்தில் கொடுக்கப்போகிறேன், கூடவே கோடு போட்ட வெற்றுத் தாள்கள் சிலவும். அவருடைய மாமனாரும் அந்த நாட்களில் கல்முனையில்தான் இருந்தார்.